பிள்ளை ஊரில், பெற்றோர் வளைகுடாவில்

தண்டவாளம், பாலம், ஜல்லி என்று முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் கழித்த ஒருவன் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக் கூடும். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்த இன்ஜினியர். ஆனால் நான் குடியிருக்கும் கரமனைப் பகுதியில், எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் பேரப் பிள்ளைகளை வளர்த்து வருகின்றனர். அப்பிள்ளைகளின் பெற்றோர் மஸ்கட்டிலும் ஷார்ஜாவிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். ஐந்தில் மூன்று வீடுகள் நாகர்கோவில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலைத்த நம்மவர் வீடுகள். நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் வருகிற பிள்ளைகள்தாம் அவர்கள். அதனால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. கேரளத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களை வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் வேலை இந்த ஊரிலிருந்துதான் தொடங்கியது. உள்ளூரில் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்களில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். (உள்ளூர் என்பது இங்கே ஒரு இடத்தின் பெயர், வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) அங்கே கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998-இல் முதல் கேரள இடப்பெயர்வு ஆய்வை நடத்தினார்கள். அப்போது வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் ஏறத்தாழ 13.6 லட்சம். 2013-இல் அது 24 லட்சமாக உயர்ந்தது. 2018-இல் 21 லட்சமாகக் குறைந்து, 2023 ஆய்வில் 22 லட்சம் என்று நின்றது. 2023-இல் அவர்கள் அனுப்பிய பணம் சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய். தமிழ்நாட்டிலும் இதே முறையில் 2015-இல் கணக்கெடுத்தபோது வெளிநாட்டில் இருந்தவர்கள் சுமார் 22 லட்சம் என்று தெரிய வந்தது.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொரு எண். வெளிநாடு சென்ற கேரளத்தவரில் பெண்களின் பங்கு 2018-இல் நூற்றுக்குப் பதினாறு அளவில் இருந்தது. 2023-இல் அது பத்தொன்பதாகியது. முன்பெல்லாம் அப்பா போவார், அம்மா இருப்பார். இப்போது அம்மாவும் போகிறார். பல வீடுகளில் அம்மாதான் முதலில் போகிறார்.

முதல் தலைமுறை

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீட்டு நிலையை அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி நேரில் சென்று கேட்டு எழுதினார். அவருடைய நூல் 1993-இல் வெளிவந்தது. கணவன் போன பிறகு வங்கிக்குப் போகவும் கடன்காரனுக்குப் பதில் சொல்லவும் வீடு கட்டும் மேஸ்திரியோடு பேரம் பேசவும் கற்றுக் கொண்ட பெண்களை அதில் காணலாம். வட கேரளத்தில் நிலம்பூரைச் சேர்ந்த எஸ்.ஏ. ஜமீல் 1970-களின் பிற்பகுதியில் எழுதிய ‘துபாய் கத்துப் பாட்டு’, மனைவி கணவனுக்கு எழுதும் கடிதமாக அமைந்து கேரளம் முழுவதும் ஒலித்தது. இப்படி மனைவியின் துயரம் நூலாகவும் பாட்டாகவும் வெளியே வந்துவிட்டது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் துயரத்துக்கு அந்த அளவு செவி கிடைக்கவில்லை.

அக்காலத்தில் கடிதம் வரப் பத்து நாளாகும். சிலர் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வந்தது. இப்போது கையில் போன். முகம் பார்த்துப் பேசலாம். ஆகவே பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கின்றனர். எங்கள் தெருவில் உள்ள பெரியவர் ஒருவர், சாலைக் கடைத்தெருவில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர், என்னிடம் இப்படித்தான் சொன்னார்: “சார், எங்க காலத்துல லெட்டர் வர பத்து நாளாவும். இப்ப தெனமும் மொகத்தப் பாத்துப் பேசுதான். இதுல என்ன கொறை?”

அவருடைய பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் அனுமதி தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு பத்தாம் வகுப்புப் பையன்

தாய் குவைத்தில் நர்ஸ். தந்தைக்கும் பிறகு அங்கேயே வேலை கிடைத்தது. பையன் மூன்று வயதிலிருந்து தாத்தா பாட்டியிடம். நல்ல பையன், நன்றாகப் படிப்பவன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பவன். தினமும் இரவு எட்டரை மணிக்குப் போன் வரும். “நல்லா இருக்கேன், சாப்டேன், படிக்கேன்” என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போனைப் பாட்டியிடம் கொடுத்து விடுவான். இதை அடக்கம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். எங்கள் வீட்டிலும் ஆண்பிள்ளைகள் அவ்வளவுதான் பேசுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் திங்கட்கிழமைகளில் வயிற்று வலி என்று படுக்கத் தொடங்கினான். பிறகு தலைவலி. கண் மருத்துவர் கண்ணாடி கொடுத்தார். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. குவைத்திலிருந்து பணம் வந்தது, விலை உயர்ந்த போனும் வந்தது. வலி மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வாரம் இருமுறை வரும் கவுன்சிலர் அம்மையார்தான் மெதுவாகப் பேசிப் பேசி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்.

2020-இல் கொரோனா பரவியபோது அவனுடைய தாய்க்கும் தொற்று வந்து பல நாட்கள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அப்போது அவனுக்கு வயது பத்து. குழந்தை பயந்து விடுவானே என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. “அம்மாவுக்கு டூட்டி, போன் பேச முடியாது” என்று சொல்லி வைத்தார்கள். பாட்டி பூஜை அறையில் அழுவதை அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டான். தாய் குணமாகிப் பேசியபோதும் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்று முதல் “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று போனில் யார் சொன்னாலும் அவன் நம்புவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, தாய் கடைசியாக வாட்ஸ்அப் பார்த்தது எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பானாம். இப்படி ஐந்தாண்டு. திங்கட்கிழமை வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

பையன் சொன்ன ஒரு வார்த்தையைப் பெரியவர் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். “நான் அழுதா அம்மா அங்க வேலை பாக்க முடியாது, அதனால சொல்லல” என்றானாம். பெரியவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணி மறைத்தார்கள். பிள்ளை பெரியவர்களைக் காப்பாற்றுவதாக எண்ணி மறைத்தான்.

இதைப் படிக்கும் குவைத், துபாய் அன்பர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். கெட்ட செய்தியை மறைப்பதால் பிள்ளைக்குப் பயம் வராமல் இருப்பதில்லை. வயதுக்கேற்றபடி உண்மையைச் சொல்லி, என்ன சிகிச்சை நடக்கிறது, அடுத்த போன் எப்போது வரும் என்றும் சொல்லிவிட்டால் அதன் பயத்துக்கு ஓர் எல்லை இருக்கும்.

அந்த 2020-ஆம் ஆண்டு கேரளத்துப் பிள்ளைகளுக்குப் பொல்லாத ஆண்டு. மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஜூலைக்குள் பதினெட்டு வயதுக்குட்பட்ட 66 பிள்ளைகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் தெரிவித்தார். அதன் பிறகே போலீஸ் துறை ‘சிரி’ என்ற பெயரில் பிள்ளைகளுக்கான தொலைபேசி ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த 66 பேரும் வெளிநாட்டுக்காரர் பிள்ளைகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. காரணங்கள் பல. ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம் எண்ணத்தை அந்த எண் ஆட்டிப் பார்த்தது.

ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை?

“பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அப்படி என்ன சம்பாத்தியம்?” என்று கோயில் வாசலில் நின்று எளிதாகக் கேட்டுவிடலாம். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். இருப்பிடம் கம்பெனி கொடுத்தால் 3,000 திர்ஹம். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெரும்பாலோருக்கு அவ்வளவு வருவதில்லை. வந்தாலும் வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் கொடுத்த பிறகு ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஊரில் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. அங்கேயே கூட வைத்திருந்த குடும்பங்களும் பிள்ளை பத்தாவது முடித்ததும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகப் பாலாவுக்கோ திருச்சூருக்கோ கொண்டுவந்து ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். பதினைந்து ஆண்டு பெற்றோருடன் இருந்துவிட்டு, மொழியும் பழக்கமும் தெரியாத ஊரில் திடீரென்று தனியே விடப்படும் பிள்ளைக்குச் சிறு வயது முதல் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளையை விடவும் சிரமம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நானும் செங்கோட்டைப் பக்கம் வேலை பார்த்த நாட்களில் குடும்பம் நாகர்கோவிலில் இருந்தது. வாரம் ஒருமுறை வந்து போன எனக்கே வீட்டில் விருந்தாளி மரியாதைதான் கிடைத்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த நாற்பது நாளில் பத்து நாள் உறவினர் வீடு, பத்து நாள் வீட்டு வேலை, பத்திர ஆபீஸ், வங்கி. மீதியுள்ள நாளில்தான் மகனுடைய மதிப்பெண் தாளைப் பார்த்துக் கோபப்பட வேண்டும்!

உலகம் என்ன சொல்கிறது

இது கேரளத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2018 டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழ், உலகின் பல நாடுகளில் நடந்த 111 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையை வெளியிட்டது. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய விவரம். பெற்றோர் வேலைக்காக வெளியே போய்விட்ட பிள்ளைகளுக்கு, மற்றப் பிள்ளைகளை விட மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 52 சதவீதமும், தற்கொலை எண்ணம் 70 சதவீதமும், பதற்ற நோய் 85 சதவீதமும் கூடுதல் என்று கண்டனர். பணம் வருவதால் உடல்நலமாவது கூடியிருக்குமா என்று பார்த்தால் அதிலும் நன்மை எதுவும் காணவில்லை. ஆனால் அந்த 111-இல் 91 ஆய்வுகள் சீனாவில் நடந்தவை. கிராமத்தில் பிள்ளையை விட்டுவிட்டு நகரத் தொழிற்சாலைக்குப் போகிற பெற்றோர் அங்கே கோடிக் கணக்கில். அந்த எண்களை அப்படியே எடுத்து நம் தெருவுக்கு ஒட்ட வைக்க முடியாது.

நமக்கு அருகில் இலங்கையில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அங்கே பெற்றோர் வெளிநாடு சென்ற பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு மருத்துவர் கவனிக்க வேண்டிய அளவுக்கு மனநலச் சிக்கல் இருந்தது. சிறு குழந்தைகளில் பலர் எடை குறைந்தும் இருந்தார்கள். இலங்கை அரசு 2013 முதலே, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று தடுத்து வந்தது. 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். தந்தை போவதற்கு இப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. பிள்ளை வளர்ப்பு முழுவதையும் தாயின் தலையில் கட்டும் சட்டம் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தென்கிழக்கு ஆசியாவில் இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் ஒரே முறையில் நடத்திய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. தந்தை வெளிநாடு சென்ற பிள்ளைகளின் மனநிலை இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் தாழ்ந்திருந்தது. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அப்படி இல்லை. ஆகவே பெற்றோர் வெளிநாடு போனாலே பிள்ளை கெட்டுவிடும் என்பது விதியில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் மனம் எப்படி இருக்கிறது, போனவர்களோடு தொடர்பு எப்படி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இதில் ‘அவர்கள் மனம்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டும். எழுபது வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி இவற்றோடு பதினைந்து வயதுப் பேரனை மேய்ப்பது லேசான காரியமா? பாட்டி சொன்னால் கேட்க மாட்டான். தாத்தா கண்டித்தால், “அப்பாகிட்ட சொல்லுவேன்” என்பான். அப்பாவோ, பிள்ளையைப் பிரிந்திருக்கும் வருத்தத்தில் கேட்டதை எல்லாம் வாங்கித் தருவார். பேத்தியாக இருந்தால் வேறு விதம். அவள் சமையலும் தம்பியின் ஹோம்வொர்க்கும் பாட்டியின் மருந்தும் பார்த்துக்கொண்டு, பதினாலு வயதிலேயே குடும்பத் தலைவியாகி விடுகிறாள். ‘பொறுப்பான பொண்ணு’ என்று ஊர் மெச்சும். அவள் தூங்குகிறாளா என்று ஒருவரும் கேட்பதில்லை.

மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள் தொடங்கி விடுகின்றன, பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படுவதே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் வேலையில் தண்டவாளத்தின் மேற்புறம் பளபளவென்று இருக்கும். விரிசல் உள்ளே இருக்கும். கீமேன் தினமும் நடந்து பார்த்தாலும் அவன் கண்ணுக்கு அது படாது. அதற்காகவே ஒலி அலையை உள்ளே செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோம். பிள்ளைகள் விஷயத்தில் அப்படி ஒரு கருவி கிடையாது. காரணம் தெரியாத வயிற்று வலி, தூக்கமின்மை, திடீரென்று மதிப்பெண் சரிவது, பெற்றோர் போன் வரும் நேரத்தில் குளியலறைக்குள் போய்விடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசுவது ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு மேல் கண்டால் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கண்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது.

ஊளம்பாறை என்ற சொல்

நம் ஊரில் ஒரு தடை இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன அர்த்தமோ, திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை என்றால் அதே அர்த்தம். 1870-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மேற்சொன்ன பையனை மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்று கவுன்சிலர் சொன்னவுடன் பாட்டி, “நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு தருவா?” என்று கேட்டாராம். பதினைந்து வயதுப் பையனுக்கு! நல்லவேளை, தாய் நர்ஸ். “காய்ச்சலுக்குப் போற மாதிரி கூட்டிட்டுப் போங்க, அத்தே” என்று போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையன் ஆறு மாதமாகச் சிகிச்சையிலும் ஆலோசனையிலும் இருக்கிறான். திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிறான். தாய் தன் டூட்டி அட்டவணையை மாதா மாதம் அனுப்பி விடுகிறார். அது அவன் மேஜைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. போனில் இப்போது சண்டையும் போடுகிறான் என்று பெரியவர் குறைப்பட்டுக் கொண்டார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷமாக இருந்தது.

ஊளம்பாறைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1987-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையத்தில் பதின்ம வயதினரையும் கவனிக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் பெண்கள், குழந்தைகள் நலத்துறை நியமித்த கவுன்சிலர்கள் உள்ளனர். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள்.

வெளிநாட்டில் உள்ள பெற்றோர் ஒரு காரியத்தை அடுத்த லீவிலேயே செய்து வைப்பது நல்லது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரே பிரதிநிதி. அதாவது பெற்றோர். அவர்கள் குவைத்தில் இருக்க, இங்கே அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டி வந்தால் தாத்தா தடுமாறுவார். யார் பார்த்துக்கொள்கிறார்கள், யார் முடிவெடுக்கலாம், பெற்றோரை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று தெளிவாக எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தின் பிரதிகளைப் பள்ளிக்கூடத்திலும் வீட்டு மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள். வீட்டுப் பத்திரத்துக்குக் காட்டுகிற அக்கறையில் பாதி இதற்குப் போதும்.

நள்ளிரவில் யாரையும் அழைக்கத் தயங்குகிறவர்களுக்குத் தொலைபேசி உதவி உண்டு. குழந்தைகளுக்கான 1098 பலருக்குத் தெரியும். கேரள அரசின் ‘திசா’ எண் 1056. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. அதில் இருபது மொழிகளில் பேசலாம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் பேசினாலும் அழுகையில் தமிழ்தான் வருகிற நம் பிள்ளைகள், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழ் என்றே சொல்லலாம்.